புதுப்பிப்பு: பந்தில் கம்பி ஒட்டியும் இழுவிசை குறையாத கதை

போன மாசம் கேட்டிருந்தேன்: தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து விண்ட் டனல் (பொருள்மேல் காற்றை ஓடவிட்டு விசையை அளக்கும் குழாய்) கட்டினேன், இழுவிசையைக் குறைக்க 1914-ல் ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில் செய்தது போல 6 செ.மீ. பந்தின் முன்பாதியில் கம்பி வளையம் ஒட்டினேன். இழுவிசை, அதாவது காற்று பந்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை, குறையவே இல்லை, ஏன்? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்க தம்பி" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. காற்றின் வேகம், பந்தின் அளவு, காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. என் வேகம் விநாடிக்கு 8 மீட்டர், எண் சுமார் 30,000. வழவழப்பான பந்துக்கு இழுவிசை சடாரென விழுவது 2, 3 லட்சத்தில். கம்பி அந்த எல்லையை இறக்கும்தான், ஆனால் என் ஃபேனுக்கு அதுவும் எட்டாது.

அவர் யோசனைப்படியே, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி போல அட்டையில் ஒன்று செய்தேன். பின்முனையில் 12 டிகிரி உள்ளே சாய்ந்த நாலு பட்டை ஒட்டியதும் இழுவிசையை அளக்கும் தராசு 21 கிராமிலிருந்து 18-க்கு இறங்கியது. ஆசைப்பட்டு 30 டிகிரி ஆக்கினேன், பலன் போச்சு: பட்டையில் ஒட்டிய தையல் நூல் படிந்து நிற்காமல் முன்னுக்கே மடங்கித் துடித்தது, அதாவது காற்று பட்டையை ஒட்டி ஓடாமல் விலகிவிட்டது.

எதிர்பாராதது கடற்காற்று. மத்தியானம் அது ஏறினால் அளவு தாறுமாறு. காலை ஏழு மணிக்குள் எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.