சென்னையில் எம்.டி. சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்) கிடைத்திருக்கிறது, மூன்று வருடம் எப்படி இருக்கும்?

செவ்வாய்ப்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கவுன்சலிங்கில் சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் எம்.டி. சைக்கியாட்ரி சீட் கிடைத்தது. எனக்கு அதுதான் முதல் விருப்பம், ஆனால் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், "கண்ணு டாக்டர், எலும்பு டாக்டர்னு சொன்னா நாலு பேருக்குப் புரியும்" என்கிறார். அம்மாச்சி, ராத்திரியில் பைத்தியங்களோடு தனியாக இருக்க வேண்டுமா என்று கேட்டு அழுதே விட்டார்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சைக்கியாட்ரியில் எனக்கு இரண்டு வாரம்தான் போஸ்டிங். அதற்குள் மண்டை எரிச்சல் என்று ஒரு அக்காவை அழைத்து வந்தார்கள், எல்லா டெஸ்டும் நார்மல், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கடுமையான மனச்சோர்வு என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்து நான் வேறு போஸ்டிங்கில் இருந்தபோது ஓ.பி. சீட்டு வரிசையில் ஒருவர், லைன் ஏன் நகரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அதே அக்கா. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நைட் டூட்டி உண்மையில் எப்படி இருக்கும்? நோயாளி அடிக்க வந்தால் என்ன செய்வது? இந்த மூன்று வருடத்தில், எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த பொது மருத்துவம் எல்லாம் மறந்துவிடும் என்கிறார்களே, அது நிஜமா?

அயோத்தியாப்பட்டணம் (இரண்டாம் வருட பி.ஜி., முதுநிலை மாணவர்):

தங்கச்சி, வாழ்த்துகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தப்பு செய்தது அங்கேதான்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்த்தோ வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். தொடை எலும்பு முறிந்து வந்தவர், "மனநோயாளி, உடனே உங்கள் வார்டுக்கு மாற்றவும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் போர்வையில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருக்கிறார், கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வேர்வை. நான் அவரிடமே பத்து நிமிடம் குரல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்கிறார்களா என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். சீனியர் வந்து அவர் மனைவியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசியாக என்றைக்குக் குடித்தார்? மூன்று நாளைக்கு முன்னால், கீழே விழுந்த அன்றைக்கு. அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் டெலிரியம் (புத்தி குழம்பி இல்லாதது தெரிவது) அது, விட்டால் உயிர் போகும். தியாமின் (வைட்டமின் பி1) ஊசி, நடுக்கத்தை அடக்க லோராசெபாம், சோடியம் பொட்டாசியம் பார்ப்பது, காய்ச்சல் இருக்கிறதா பார்ப்பது என்று விடியும்வரை அங்கேயே இருந்தோம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது, தியாமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று எம்.பி.பி.எஸ்.ஸில் படித்ததைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. அதனால் பொது மருத்துவம் மறக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதே, மறந்தால் இந்தத் துறையில் ஆளைக் கொன்றுவிடுவோம்.

அடிக்க வருவது பற்றி. தினமும் நடக்காது, ஆனால் நடக்கும். கதவுப் பக்கம் உட்கார், அவர் வெளியே போகும் வழியை மறித்து நிற்காதே, துப்பட்டாவைப் பின் குத்திக்கொள், வார்டு அட்டெண்டர் அண்ணன்களிடம் பழகிக்கொள், பத்து இருபது வருடம் பார்த்தவர்கள் அவர்கள், யார் எப்போது கொதிப்பார் என்று நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். அடிக்க ஓங்குகிறவர் பெரும்பாலும் நம்மைவிட அதிகமாகப் பயந்து போயிருப்பார். அப்புறம், கொதிப்பை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போட்ட பையனுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு கண் மேலே சொருகினால் பதறாதே, ப்ரோமெதசின் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சரியாகும். ஆனால் அந்த அரை மணி நேரமும் அவன் அம்மா பக்கத்திலேயே நின்று, இது மருந்தால் வந்தது, எங்களால் வந்தது, போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இரு. சொல்லாவிட்டால் பேய் முறுக்குகிறது என்று நினைத்து மறுநாளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாகலூர் எஸ்டேட்:

டாக்டரம்மா, நான் டாக்டர் இல்லை, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை. பதில் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

என் தம்பி சென்னையில் ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் பத்து நாள் தூங்காமல், சம்பளப் பணத்தை ரோட்டில் போகிறவர்களுக்கு எல்லாம் கொடுத்து, போலீஸ் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே உங்களைப் போலப் படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் பையன்தான் பார்த்தார். லித்தியம் (மனநிலை ஏறி இறங்காமல் வைக்கிற மாத்திரை) கொடுத்து அனுப்பும்போது சீட்டின் பின்பக்கம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: தண்ணீர், உப்பு திடீரென்று குறைக்காதே. மூட்டுவலி மாத்திரை கடையில் வாங்கிப் போடாதே. ரத்தம் பார்க்கிற நாளுக்கு முந்தின ராத்திரி 9 மணிக்கு மாத்திரை, காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் காலை மாத்திரை. வாந்தி பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த மழைக்காலத்தில் தம்பிக்குப் பேதி வந்து நாக்கு குழறியது, கை ஆடியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மா அந்தச் சீட்டை ரேஷன் கார்டு கவரிலிருந்து எடுத்துக் காட்டினாள். ராத்திரியே 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனோம். அங்கே இருந்த டாக்டரும் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான், லித்தியம் ரத்தத்தில் கூடிவிட்டதா என்று பார்க்க முதலில் ரத்தம் எடுத்தார். தம்பி இப்போது நன்றாக இருக்கிறான், மிளகு பறிக்கிறான். நீங்களும் எழுதிக் கொடுங்கள் அம்மா, தமிழில் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி (சைக்கியாட்ரிஸ்ட்):

பாப்பா, மேலே அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொள். எனக்கு இது புரியச் சேலத்துக்குத் திரும்பி வந்து சில வருடம் ஆனது.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். ஸ்கேன், ரத்தம், நியூராலஜி ஒப்பீனியன், எல்லாம் நடந்துபோகிற தூரம். க்ளோசபின் (மற்ற மருந்து கேட்காத மனச்சிதைவுக்குக் கொடுப்பது, ரத்த வெள்ளணுவைக் குறைக்கலாம்) ஆரம்பித்தால் முதல் 18 வாரம் வாரா வாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், பி.ஜி.யாக இருந்தபோது அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். மலையிலிருந்து வருகிறவருக்கு அது 18 நாள் கூலி, கூட வருகிறவருடைய கூலியும் சேர்த்து. அதனால் நோயாளியிடம் எந்த ஊர், எத்தனை பஸ் மாற வேண்டும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் ஹிஸ்டரியில் எழுது. உன் சீஃப் கேட்காவிட்டாலும் எழுது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஐ முதல் மாதமே படித்துவிடு. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியோடு 28 பேர் கருகிச் செத்த நாட்டில் நாம் இந்த வேலை செய்கிறோம். யாரைச் சம்மதமில்லாமல் சேர்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், நியமனப் பிரதிநிதி (நோயாளிக்காக முடிவெடுக்க உதவுகிறவர்) யார், மயக்க மருந்து இல்லாமல் ஈ.சி.டி. (மின் அதிர்வு சிகிச்சை) கூடவே கூடாது, இதெல்லாம் நடு ராத்திரியில் நீ தனியாக முடிவெடுக்கும்போது வேண்டும். 1794இல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையில் வருடக்கணக்காக, கூப்பிட்டுப்போக ஆளில்லாமல் இருக்கிறவர்களோடு போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசு. பரீட்சைக்கு அது வராது.

செவ்வாய்ப்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. நாகலூர் அண்ணா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சைக்கியாட்ரி வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். இன்னொன்று கேட்கிறேன். நாம் பார்த்த நோயாளி தற்கொலை செய்துகொண்டால் என்ன செய்வது, மேடம்?

அஸ்தம்பட்டி (சைக்கியாட்ரிஸ்ட்):

நடக்கும் பாப்பா. எனக்கு இரண்டாம் வருடத்தில் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகி ஒன்பது நாள், காலேஜ் பையன். அவன் அம்மா போனில் என்னிடம்தான் முதலில் சொன்னார். ஒரு வாரம் கேஸ் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன், யாரிடமும் பேசவில்லை, அதுதான் நான் செய்த தவறு. உனக்கு நடந்தால் அன்றைக்கே யூனிட்டில் உட்கார்ந்து பேசு, குடும்பத்தைப் போய்ப் பார், ஒளியாதே. ராத்திரி தாங்கவில்லை என்றால் 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) நோயாளிக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். இப்போதும் டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் நானே ஒரு போன் போடுகிறேன்.

அயோத்தியாப்பட்டணம்:

தங்கச்சி, முட்டித் தட்டும் சுத்தியல், டார்ச், நல்ல பி.பி. மெஷின் மூன்றும் எடுத்து வா. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை சென்ட்ரல். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, ஒரு நாள் ஓ.பி.யில் வந்து உட்காரட்டும்.