வலிப்பு மாத்திரை இரண்டு சேர்ந்ததில் தம்பிக்குத் தோல் உரிந்தது

கேள்வி (தம்பியின் அக்கா):
தம்பிக்கு 24 வயது. நான்கு வருடமாக வேல்ப்ரோயேட் சாப்பிட்டான். வலிப்பு முழுசாக நிற்கவில்லை என்று லாமோட்ரிஜின் 25 மில்லிகிராம் சேர்த்தார்கள். சீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான் இருந்திருக்கிறது. பழைய மாத்திரை இரண்டு வேளை என்பதால் அம்மா இதையும் காலை, இரவு என்று கொடுத்துவிட்டார். நானும் சீட்டைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல், தொண்டை வலி. கஷாயம் வைத்துக் கொடுத்தோம். மறுநாள் கண் சிவந்து நெஞ்சில் தடிப்பு. அம்மை என்று வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று! இரண்டு நாள் அதிலேயே போனது. உதடு வெடித்து, ரத்தம் காய்ந்து, காலையில் தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இளநீரே எரிகிறது என்றான். அப்புறம்தான் ஓடினோம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றார்கள், மருந்து ஒவ்வாமல் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகிற கடுமையான நோயாம். 18 நாள் வார்டு. இரண்டையும் நிறுத்தி இப்போது லெவெடிராசிட்டம். கண் மட்டும் இன்னும் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதாம்.

சேர்த்துக் கொடுத்ததாலா, அளவு கூடியதாலா? இனி எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

பதில் (மருந்துக்கடைக்காரர்):
இரண்டும்தான் சகோதரி. லாமோட்ரிஜினைக் கல்லீரல் கழிப்பதை வேல்ப்ரோயேட் மட்டுப்படுத்தும். ரத்தத்தில் அதன் அளவு ஒரு நாள் சொச்சத்தில் பாதியாகக் குறைய வேண்டியது இரண்டரை, மூன்று நாள் வரை இழுக்கும். அதனால்தான் முதல் 2 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். தம்பிக்குப் போனது அதைப் போல நான்கு மடங்கு. ஆனால் சரியாகக் கொடுத்தும் வந்தவர்கள் உண்டு, அம்மாவை வையாதீர்கள். நான் அட்டையிலேயே தேதி போட்டுத் தருவேன். கிழமை எழுதினால் அடுத்த வாரம் குழம்பிவிடும்.

பதில் (ஒரு அம்மா):
என் மகளுக்கு ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தில் இதே நோய் வந்தது. கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், பீனோபார்பிடோன் எதுவும் கூடாது, ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதற்கும் வரலாம் என்றார்கள். லாமோட்ரிஜினும் அந்த வரிசைதான். வலிப்பு நிற்காமல் வந்தால் பல இடங்களில் ஃபெனிடாயின் ஊசிதான் எடுப்பார்கள். அதனால் கூடாத மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டு அவன் சட்டைப்பையில் இருக்கட்டும். கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள், இமை உள்ளே கண்ணோடு ஒட்டிக்கொள்ளலாம். பயந்துபோய் இப்போதைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

தம்பியின் அக்கா:
நன்றிம்மா. திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். போன் கவருக்குள் சீட்டு வைத்தாயிற்று. அம்மா தன் சுருக்குப்பைக்கும் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார்.