அப்பாவுக்குக் கருப்பாகப் போகிறது: இரும்புச்சத்து மாத்திரையா, ரத்தமா?

நிலாமுற்றம்:
அப்பாவுக்கு வயது 68. முழங்கால் வலிக்கு மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக் எடுக்கிறார், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. இரண்டு நாளாக மலம் கருப்பாகப் போகிறதாம். இன்று நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். "மாத்திரைக் கலர்தான், விடு" என்கிறார். வயிற்றுவலி இல்லை. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

இன்னொன்று. எங்கள் நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. அது என்ன?

பழைய வார்டு:
பொறுக்க வேண்டாம் அம்மா, இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 26 வருடம் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையால் வரும் கருப்பு பெரும்பாலும் கரும்பச்சையாக இருக்கும், மலமும் வழக்கம்போல் கெட்டியாக இருக்கும். இரைப்பையில் கசிந்த ரத்தம் அப்படி இல்லை. குடல் வழியாக வரும்போது செரித்து, தார் மாதிரி பளபளப்பாக வெளியே வரும். தண்ணீர் ஊற்றினாலும் கழிப்பறைப் பீங்கானை விட்டு லேசில் போகாது. அந்த நாற்றம் தனி. வார்டில் திரையை விலக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே மலம் இப்படி ஆகிவிடும்.

வலி இல்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். வலி மாத்திரையால் வரும் புண் பல பேருக்கு வலிப்பதே இல்லை, வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக அப்படி. எனக்குக் கவலை தருவது அந்த மூச்சு வாங்கல்தான், உடம்பில் ரத்தம் குறைந்தால் அப்படி வரும். அடுத்த டைக்ளோஃபெனாக்கைக் கொடுக்காதீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுத்தால், அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். தலைசுற்றலோ குளிர்ந்த வியர்வையோ வந்தால் நடக்க விடாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வாலாட்டி:
நாய்க்கு நான் சொல்கிறேன். அந்த அரிசி, நாடாப்புழுவின் துண்டு. புதிதாக இருந்தால் நெளியும், காய்ந்தால் எள் மாதிரி ஆகிவிடும். உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் பெரும்பாலும் வருகிறது. மருத்துவர் பிராசிகுவான்டெல் கொடுப்பார். தெள்ளையும் ஒழிக்காவிட்டால் புழு திரும்ப வரும்.

மேலே படித்ததும் நெஞ்சு பதறியது. என் நாய் நொண்டியபோது, பாவம் என்று என்னுடைய ஐபுப்ரோஃபென்னைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே தார் மலம். மண்ணைத் தின்றிருக்கும் என்று ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டேன். ஈறு வெளுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்தது. தயவுசெய்து நம் வலி மாத்திரையை நாய்க்கோ பூனைக்கோ கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் கூட உயிரை எடுக்கும்.

நிலாமுற்றம்:
அன்றே போனோம். ஹீமோகுளோபின் 7.1, மிகக் குறைவாம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண், புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியும் இருக்கிறதாம், 14 நாள் மருந்து. "மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது" என்றார் அப்பா. நாய்க்கும் மருந்து கொடுத்தாயிற்று. இருவருக்கும் நன்றி.

பழைய வார்டு:
இப்போதுதான் மனசு ஆறியது. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதற்கு முன் எப்போது நிறுத்துவது என்றும் கேட்டு வையுங்கள். அப்புறம், இரும்புச்சத்து மாத்திரை திரும்பத் தொடங்கினால் மலம் மறுபடி கருக்கும். அப்போது நிறத்தை மட்டும் கேட்காமல், ஒட்டுகிறதா, நாறுகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.