ஒரே கறித்தூள், மூன்று நாட்டுச் சட்டம்: எதைப் பார்த்துச் செய்வது?

கேள்வி (கல்முனை):
எங்கள் ஆலையில் அரைக்கும் மிளகாய்த்தூளையும் கறித்தூளையும் கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம்மவர் கடைகள் கேட்கின்றன. அமெரிக்காவிலிருந்தும் ஒருவர் விசாரித்தார். ஒரு நாட்டுக்குச் சரியாக இருக்கும் பொதி மற்ற நாட்டுக்குப் பிழையாகிறது. இருப்பதில் கடுமையான சட்டத்துக்கு அமைய ஒரே பொருளாகச் செய்தால் போதுமா, நாட்டுக்கு நாடு வேறாகச் செய்ய வேண்டுமா?

பதில் 1 (மட்டக்களப்பு):
தூளை மட்டும் எடுத்துக்கொண்டால், கடுமையான அளவுக்கு, அதாவது ஐரோப்பிய அளவுக்குச் செய்வதே நல்லது. செத்தல் மிளகாயில் மொத்த அஃப்ளடொக்சின் (பூஞ்சண நஞ்சு) கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. அமெரிக்காவின் எல்லை 20. கிருமி நீக்கப் பயன்படும் எதிலீன் ஒக்சைட் வாயுவில் இடைவெளி இன்னும் பெரிது: அமெரிக்கா மசாலாப் பொருட்களில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் எச்சம் வரை அனுமதிக்க, ஐரோப்பிய எல்லையோ 0.1 மில்லிகிராம். நீராவியால் கிருமி நீக்கினால் இந்தச் சிக்கல் இரு பக்கமும் இல்லை, வாசனை சற்றுக் குறையும் என்பது வேறு விடயம். செத்தலை ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடொக்சின் உண்டாகும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே ஆலையை விட, காயவைக்கும் இடத்தில் கவனம் வையுங்கள்.

பதில் 2 (சம்மாந்துறை):
லேபலுக்கு அந்த வழி சரிவராது, ஏனென்றால் அதில் எது கடுமை என்றே சொல்ல முடியாது. உங்கள் கறித்தூளில் கடுகு இருந்தால், பிரித்தானியாவிலும் கனடாவிலும் அதை ஒவ்வாமைப் பொருளாகக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பட்டியலிலுள்ள 9 பொருட்களில் கடுகு இல்லை, 2023 முதல் எள் இருக்கிறது. கனடாவுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும், ஊட்டச்சத்து அட்டவணையின் வடிவமும் அமெரிக்காவுக்கு ஒத்துவராது. பையின் முன்பக்கத்தைப் பொதுவாக அச்சடித்து, பின்பக்கத்துக்கு நாட்டுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று விதமாகப் பை அடித்து ஒன்று விற்காமல் தேங்கினால் பணம் முடங்கும்.

பதில் 3 (மட்டக்களப்பு):
இருவரும் சொன்னது சரி, ஆனால் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தே முதல் நாட்டைத் தெரிவு செய்வேன். அமெரிக்காவுக்கென்றால் உங்கள் ஆலையே அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிந்து, அந்நாட்டில் ஒரு முகவரை வைத்து, இரட்டைப்படை ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கனடாவில் உரிமம் எடுக்க வேண்டியவர் இறக்குமதியாளர். "அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் உறவினர் கடையிடம் அந்த உரிம இலக்கத்தை முதலில் கேளுங்கள்; தர முடியாதவருக்கு மாதிரிப் பொதிகூட அனுப்ப வேண்டாம்.