உப்புவெளிப் பெரியவர்களோடு கோட்டைக்கும் கன்னியாவுக்கும்

வயதானவர்களுக்கு நிகழ்ச்சி வைக்கிறவர்கள் முதலில் அவர்களைப் பேச விட வேண்டும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசிகசாலையில் புதன்கிழமை காலைகளில் கூடும் பெரியவர்களோடு இருந்து கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன். அம்மாவைக் கொண்டுபோய் விடத்தான் முதலில் போனேன். இப்போது கதிரை போடுவது, தேத்தண்ணி ஊற்றுவது, வானுக்குப் பேசி வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

அதற்கு முன் அம்மா ஓர் ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தின விழாவுக்குப் போயிருந்தார். பேச்சுக்கு மேல் பேச்சு. மதியம் வரை பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு துவாயும் வரிசையில் நிறுத்தி எடுத்த படமும்தான். வந்திருந்த பெரியவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனி இப்படியானதுக்கு என்னைக் கூப்பிடாதை பிள்ளை" என்றுவிட்டார் அம்மா.

எங்கள் கூட்டம் வேறு மாதிரி அமைய ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர்தான் காரணம். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியவர்களுக்காகத் தொடங்கிய 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' பற்றி அவர் வாசித்திருந்தார். அது 1980களில் இங்கிலாந்துக்குப் போனபோது, வெளியிலிருந்து விரிவுரையாளர் வராமல், சேர்ந்தவர்களே ஒருவருக்கொருவர் படிப்பிக்கும் முறையாக மாறியது. பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. "இதுக்குக் காசா வேணும்? நாங்களும் செய்வம்" என்றார் ரீச்சர். அதன் பிறகு வாரம் ஒருவர் பாடம் எடுக்கிறார். துறைமுகத்தில் வேலை செய்த ஐயா கயிற்று முடிச்சுகள் காட்டினார். சந்தையில் கடை வைத்திருந்த அக்கா பேச்சுச் சிங்களம் சொல்லித் தருகிறார். வங்கியில் இருந்தவர், போனில் யாராவது இரகசிய இலக்கம் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்வார். அது திருப்பிச் சொல்ல வேண்டிய விசயம்தான்.

போன் பாடம் என்றதும் ஓர் அம்மம்மா நினைவுக்கு வருகிறார். கனடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பப் பழக வேண்டும் என்றார். பேரன் காட்டிக் கொடுத்தும் பிடிபடவில்லையாம், அவன் விரல் ஓடுகிற வேகம் அப்படி. எங்கள் கூட்டத்தில் அவரைவிட இரண்டு வயது மூத்தவர் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் காட்டினார். "இதை அமத்திப் பிடி, பேசு, பிறகு விடு." அவ்வளவுதான். சம வயதுக்காரர் சொல்லிக் கொடுக்கும்போது வெட்கம் இல்லாமல் போகிறது. இளையவர்கள் நாங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் சுற்றுலா. முதலில் பிரெட்ரிக் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் போனோம். வெயில் ஏறுமுன் போய்விட்டோம். ஏற்றத்தில் நடக்க முடியாதவர்கள் இருந்து இளைப்பாற மடிப்புக் கதிரைகளும் கொண்டுபோனோம். கோட்டை வாசலைத் தாண்டாமலே அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கற்களால் கட்டிய கோட்டை அது. வாசல் கல்லில் மீன் சின்னமும் பழைய எழுத்தும் இருக்கின்றன. ரீச்சர் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு, கோயில் திருப்பணி செய்த மன்னனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் பாட்டை மனப்பாடமாகச் சொன்னார். ஊரிலேயே பிறந்து வளர்ந்த பலர், இவ்வளவு காலமும் இதைக் கடந்து போயிருக்கிறோம், நின்று பார்த்ததில்லை என்றார்கள்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த மாஸ்டர் ஒருவர் கதை எடுத்தார். 2009இல் 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து பட்டணத்துக்கு வர, ஆட்களை அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவையில்தான் ஏற வேண்டும். அது அக்கரையில் நின்றால் காத்திருப்புத்தான். பரீட்சை வினாத்தாள் கட்டோடு மழையில் நின்றதைச் சொன்னார். அதே பாதையில் தயிர்ச்சட்டி சுமந்து வந்த ஓர் அம்மா, "மாஸ்டருக்கு ஒதுங்க இடமாவது கிடைச்சது, எங்களுக்கு அதுவும் இல்லை" என்று தன் கதையைத் தொடங்கினார். இட்லி ஆறிப்போனது, யாரும் எழும்பவில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவதென்றால் சில விசயங்களைப் பார்க்க வேண்டும். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாது, அதனால் முதலில் வேறு யாராவது நீரைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது நல்லது. நிலம் ஈரம், வழுக்கும். கிழமை நாளில் போனால் சனம் குறைவு.

அங்கே ஒரு ஐயா குளிக்கவில்லை. தள்ளி ஒரு மரத்தடியில் இருந்துவிட்டார். கேட்டபோது, தாயார் இறந்த பிறகு செய்யும் அந்தியேட்டிக் கிரியை இங்கேதான் செய்தது என்றார். அதன் பிறகு இந்தப் பக்கமே வரவில்லையாம். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்புகிற ஊர் இது, எங்கள் ஆட்கள் பலரும் அதற்கு அங்கே போவார்கள். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இரண்டு பேர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு போய் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேசி முடியும்வரை வானை நிறுத்தி வைத்தோம். இதைப் போன்ற நேரத்துக்கு அட்டவணையில் இடம் விட்டே ஆக வேண்டும். ஒரு நாளில் நாலு இடம் காட்டுகிற பயணத்தை நான் இதனால்தான் எதிர்க்கிறேன்.

அடுத்து தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயிலுக்குப் போகலாம் என்று பேச்சு. மதியச் சாப்பாட்டுக்கு நிழலும், கைபிடி வைத்த கழிவறையும் உள்ள இடம் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களும் இந்த முறை பெயர் கொடுத்திருக்கிறார்கள்.