விடுதி அறைக்கு எந்த வாட்டர் ஃபில்டர்? மூன்றாவது மாடி, நாலு பேர், ஒரே பிளக்

அம்பைக்காரர்

வணக்கம். மகள் பெருந்துறைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். நாங்கள் அம்பாசமுத்திரம். பிறந்ததிலிருந்து தாமிரபரணித் தண்ணி குடித்த பிள்ளை. அந்த ஊர்த் தண்ணி வாயில் வைக்க விளங்கவில்லை என்று தினமும் போனில் புலம்பல்.

விடுதியில் ஆர்.ஓ. மிஷின் இருக்கிறது. ஆனால் கீழே மெஸ்ஸுக்குள் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மெஸ்ஸைப் பூட்டிவிடுவார்கள். இவள் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனால் பதினொரு மணிக்குள் அது காலி. போன வாரம் தாகம் தாங்காமல் பாத்ரூம் குழாயில் பிடித்துக் குடித்திருக்கிறாள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, ஒரு இன்டர்னல் டெஸ்ட் போச்சு.

வீட்டுக்காரி கெட்டில் வாங்கிக் கொடுங்கள், காய்ச்சிக் குடிக்கட்டும் என்கிறாள். வார்டன் ஒட்டியிருக்கும் பட்டியலில் முதல் பெயரே கெட்டில்தான். அப்புறம் ஹீட்டர் காயில், அயர்ன் பாக்ஸ். அறையில் நாலு பிள்ளைகள், ஒரே பிளக், அதிலும் நாலு போன் தொங்கும்.

திருநெல்வேலியில் ஒரு கடையில் விசாரித்தேன். கரண்ட் இல்லாமல் மேலே ஊற்றினால் கீழே வடியும் ஃபில்டர் 2,300 ரூபாய் என்றார். "எல்லாக் கிருமியும் போயிரும், எந்தத் தண்ணியும் ஊத்தலாம் சார்" என்றார். 'எந்தத் தண்ணியும்' என்றதுதான் இடிக்கிறது. என் கையிருப்பு 3,000 ரூபாய். வாங்கலாமா?

சர்வீஸ் ஈரோடு

வணக்கம் சார். பதினோரு வருஷமா ஃபில்டர் சர்வீஸ் பண்றேனுங்க, உங்க பாப்பா இருக்கிற பக்கமெல்லாம் நம்ம ஏரியாதான். கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்காருங்க.

கரண்ட் இல்லாத ஃபில்டருக்குள்ள கார்பன் இருக்கும். அது குளோரின் வாடையையும் கலங்கலையும் எடுக்கும். நல்ல மாடலா இருந்தா நூல் மாதிரி மெல்லிய குழாய்களைக் கட்டி வெச்ச யு.எஃப். மெம்பரேனும் இருக்கும். அதோட துளையில பாக்டீரியா நுழையாது. ஆனா தண்ணியில கரைஞ்ச உப்பு தாராளமா நுழைஞ்சு போயிரும். எங்க பக்கம் போர் தண்ணி சப்பத்தண்ணிங்க, அதாவது உப்புத்தண்ணி. அதை எத்தனை தடவை ஊத்தினாலும் சப்பத்தண்ணியாவேதான் கீழ வரும். பாப்பா வாயில வைக்க முடியலன்னு சொல்றது உப்பைத்தான்.

உப்பை எடுக்க ஆர்.ஓ. வேணும். அதுக்கு அழுத்தம் வேணும், கரண்ட் வேணும், கழிவுத் தண்ணி போக வழி வேணும். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வீணாப் போகும். விடுதி ரூமுல வேலைக்கு ஆகாதுங்க.

ஒண்ணு பண்ணுங்க. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பேனா சைஸ்ல முன்னூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். பாப்பாகிட்டக் கொடுத்து பாத்ரூம் குழாய், மெஸ் குழாய் ரெண்டையும் அளக்கச் சொல்லுங்க. குடிதண்ணிக்கு அரசாங்கத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள. வேற வழியே இல்லாத ஊருக்கு 2,000 வரைக்கும் விடுவாங்க. எண்ணைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

மாடிப்படி

அங்கிள், நான் விடுதியில் நாலு வருஷம் இருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். நீங்கள் சொல்லும் அதே மாதிரி ஃபில்டரை நாங்கள் மூன்று பேர் காசு போட்டு வாங்கினோம். முதல் மாதம் ராஜ மரியாதை. அப்புறம் யார் ஊற்றுவது, யார் கழுவுவது என்று சண்டை. செமஸ்டர் லீவுக்கு உள்ளே தண்ணியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பச்சையாக வழவழவென்று இருந்தது. அதோடு அது துணி மடிக்கும் ஸ்டூல் ஆனது.

கணக்கும் பாருங்கள். கேட்ரிட்ஜ் 1,500 லிட்டர் வரும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒரு ஆள் தினம் மூன்று லிட்டர் குடித்தால் 500 நாள். ஆனால் அறையில் ஃபில்டர் வைத்தால் பக்கத்து அறையும் பாட்டிலோடு வரும். பத்து லிட்டர் என்றால் 150 நாள். அடுத்த கேட்ரிட்ஜுக்கு யார் காசு போடுவார்கள்?

20 லிட்டர் கேன் போடச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நிரப்பிய தேதியும் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டிலிருந்து மூன்றாவது மாடிக்கு 20 கிலோவைத் தூக்குவது அவரவர் சாமர்த்தியம். என் பெயர்க் காரணம் அதுதான்.

அம்பைக்காரர்

இருவருக்கும் நன்றி. மீட்டரை கூரியரில் அனுப்பினேன். பாத்ரூம் குழாய் 1,420. மெஸ் ஆர்.ஓ. 85. மீட்டர் வந்த உடனே எங்கள் வீட்டுக் குழாயில் வைத்துப் பார்த்தேன், 70 காட்டியது. வீட்டுக்காரிக்கு ஒரே பெருமை.

அப்படியானால் மெஸ் தண்ணி எங்கள் தண்ணி மாதிரிதானே? பயப்படாமல் குடிக்கலாமா?

சர்வீஸ் ஈரோடு

அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க சார். மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. மழைத்தண்ணியைப் பிடிச்சு அதுல அழுக்குக் கையை அலம்பிட்டு அளந்தாலும் மீட்டர் சின்ன எண்ணைத்தான் காட்டும். 85ன்னா மிஷின் உப்பை ஒழுங்கா எடுக்குதுன்னு மட்டும் அர்த்தம். மிஷின்மேல சர்வீஸ் அட்டை தொங்கும், கடைசியா எப்பப் பார்த்தாங்கன்னு தேதி இருக்கும். பாப்பாவை போட்டோ எடுக்கச் சொல்லுங்க. குழாய்க்குக் கீழ இருக்கிற தட்டு வழவழப்பா இருந்தா வார்டன்கிட்டச் சொல்லணும். சந்தேகம் தீரலைன்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட பரிசோதனைக்கூடத்துல கட்டணம் கட்டிப் பார்க்கலாம், கிருமியும் சேர்த்துப் பார்ப்பாங்க.

தேதி சரியா இருந்தா உங்களுக்கு ஃபில்டரே வேண்டாமுங்க. நான் ஃபில்டர் பிழைப்பு பிழைக்கிறவன், நானே சொல்றேன். பாப்பாவுக்கு ராத்திரிக்குத் தண்ணி பத்தலை, பிரச்சினை அதுதான். குழாய் வெச்ச எவர்சில்வர் டிரம் 10 லிட்டர் வாங்குங்க. சாயங்காலம் மெஸ்ஸுல பிடிச்சு நிரப்பட்டும். டம்ளரை உள்ள விட்டு மொள்ளக் கூடாது, குழாயைத் திறந்துதான் பிடிக்கணும். வாரம் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவி, கவுத்து வெச்சுக் காய விடணும். நாலு பேர் ராத்திரிக்குத் தலைக்கு ஒன்றரை லிட்டர்னு வெச்சாலும் ஆறுதான், காலையில வரைக்கும் தாங்கும்.

மாடிப்படி

இது எங்களுக்கு அப்போது தோன்றவில்லையே! அங்கிள், பத்து லிட்டரை ஒரே ஆள் தூக்க வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கிக் கொடுங்கள், சாப்பிட்டுவிட்டு மேலே போகும்போது இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போகட்டும். கேனுக்கும் வாரக் கழுவல் உண்டு. லீவுக்குப் போகும்போது டிரம்மைக் காலி செய்து கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், பச்சை ஞாபகம் இருக்கட்டும்.

அம்பைக்காரர்

சர்வீஸ் அட்டை போட்டோ வந்தது. போன மாதத் தேதிதான் இருக்கிறது. தட்டும் சுத்தம்.

அம்பை கடைத்தெருவில் 10 லிட்டர் டிரம் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து லிட்டர் கேன் இரண்டும் சேர்த்து 1,700க்குள் முடிந்தது. நாலு பிள்ளைகளும் யார் எந்தக் கிழமை என்று எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை, கழுவும் முறையும் அன்றைக்குத்தான். வீட்டில் ஒரு டம்ளர் கழுவ மாட்டாள்.

வீட்டுக்காரிக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. தீபாவளி முடிந்து திரும்பும்போது ஒரு கேன் தாமிரபரணித் தண்ணி கொடுத்து அனுப்ப வேண்டுமாம். ஈரோடு பஸ்ஸில் தண்ணி கேன் ஏற்றுவார்களா, லக்கேஜ் போடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.