இராவணன் காலத்து மரமா? கோணேசர் கோயில் தொட்டில் மரம் பற்றி ஒரு வாக்குவாதம்

பழைய வாத்தியார்

போன வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து வந்த மருமக்களைத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குள் மான்களைக் காட்டி, மேலே ஏறிக் கும்பிட்டு, பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் வந்தோம். அங்கே பாறை விளிம்பில் தொட்டில் கட்டும் மரத்தைக் காட்டி ஒரு வழிகாட்டிப் பெடியன் சொல்கிறான்: "இதுதான் தலவிருட்சமான கல்லால மரம். இராவணன் இதன் கீழ்தான் தவம் இருந்தான்." மருமகள் அதைப் போனில் பதிந்து உடனே ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. சுற்றி நின்ற திருமலைக்காரர் இருபது பேரும் தலையாட்டினார்கள், அதுதான் கோபம். கோணேசருக்குத் தலவிருட்சம் கல்லாலம் என்பது மரபு, அதை நான் மறுக்கவில்லை. தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய் திறக்காமல் சின்முத்திரையால் உபதேசம் செய்தது கல்லால மரத்தடியில். அது ஞானத்தின் மரம். ஆனால் விளிம்பில் நிற்கும் மரத்தின் அடிமரத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், அதற்கு இராவணனைத் தெரிந்திருக்க முடியாது என்று விளங்கும்.

இன்னொன்று. சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் ஒரு பாட்டின் பிற்பாதியில் இந்த மலையைச் சுற்றியுள்ள பொழிலைப் பாடுகிறார்: மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. எட்டுப் பெயர். கல்லாலம் அந்தப் பட்டியலில் இல்லை. மரத்துக்கு இல்லாத வயதை நாங்களே கொடுத்தால், கோயிலுக்கு உள்ள வயதையும் நாளைக்கு எவனும் நம்பமாட்டான்.

உப்புவெளி அக்கா

ஐயா, நீங்கள் வாத்தியார், அதனால் பிழை திருத்துகிறீர்கள். நான் அந்த மரத்தில் தொட்டில் கட்டியவள். சரியாகச் சொன்னால், கட்டியது அம்மா. கலியாணம் முடித்து ஏழு வருடம் பிள்ளை இல்லை. வைத்தியம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. அம்மா கோயில் வழியில் உள்ள கடையில் ஒரு சின்ன மரத்தொட்டில் வாங்கி, பிள்ளைக்குப் பதிலாகக் கூழாங்கல் ஒன்றை வைத்துக் கட்டினாள். நான் வெட்கப்பட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

பிள்ளையைத் தந்தது மரமா மருந்தா என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. அந்த ஏழு வருடத்தில் என் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசியதில்லை. அன்றைக்குத்தான், முன்பின் தெரியாத இருநூறு தொட்டில்களுக்கு நடுவில், இது எங்களுக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை என்று கண்ணால் கண்டேன். அதன் கீழே இராவணன் இருந்தானா என்று அம்மா கேட்கவே இல்லை.

கண்டல் காட்டான்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மரம் செடியோடு வேலை செய்கிறவன். கல்லாலம், ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் ஒரே பேரினம். பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே பூக்கும். ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். மற்ற மரங்கள் வெறுமையாக நிற்கும் காலத்திலும் ஏதோ ஓர் ஆலோ அத்தியோ பழுத்திருக்கும், அதனால் பறவைக்கும் வௌவாலுக்கும் அதுதான் சோற்றுக்கடை. தின்ற பறவை பாறையில் எச்சமிட்டால் விதை அங்கேயே முளைத்து, இடுக்கில் வேரை விட்டுக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். மண்ணே இல்லாத இடத்தில் இப்படி ஒன்று பச்சையாக நின்றால் எந்தக் காலத்து மனிதனும் கும்பிடத்தான் செய்வான்.

வேடிக்கை என்னவென்றால், அதே விதை கோபுரத்தில் முளைத்தால் உடனே ஆள் வைத்துப் பிடுங்குகிறோம். விட்டால் கோபுரத்தைப் பிளந்துவிடும். தரையில் கடவுள், கோபுரத்தில் களை.

என் கவலை வயதைப் பற்றியது இல்லை, கயிற்றைப் பற்றியது. இப்போது பாதிப் பேர் நைலோன் கயிற்றால் கட்டுகிறார்கள். இலையில் செய்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்பக்கத்தால்தான். கிளை பருக்கப் பருக்க, அறாத கயிறு பட்டைக்குள் இறங்கி அந்த வழியை அடைத்துவிடும். பருத்தி நூல் என்றால் வெயிலிலும் உப்புக்காற்றிலும் தானே உக்கிப் போகும்.

கோட்டடிப் பேரன்

வாத்தியார் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். 1622ல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963ல். நடுவில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. அவ்வளவு காலமும் சனம் இங்கே எதைக் கும்பிட்டது? பிரித்தானியர் காலத்தில் பூசகர் பாறை விளிம்பில் நின்று பூவையும் தேங்காயையும் கடலுக்குக் கொடுத்ததை வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கோபுரம் இல்லை, மதில் இல்லை. பாறையும் கடலும் விளிம்பில் நின்ற செடி கொடியும்தான் கோயில். அந்தப் பழக்கத்தில் வந்த சனம் விளிம்பு மரத்தைக் கும்பிட்டால் அது பிழையா?

தலவிருட்சம் என்றால் அந்த இடத்தில் இன்றும் உயிரோடு நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? மதுரையில் உலர்ந்துபோன கடம்பந்தண்டை வைத்துக் கும்பிடுகிறார்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் போக வேண்டும். பழைய பாட்டில் சிவனுக்குப் பெயரே 'ஆலமர் செல்வன்'. ஆளை ஊரால் அழைக்கவில்லை, மரத்தால் அழைத்தார்கள். எங்கள் ஆட்கள் கோயில் கட்டுவதற்கு முன்பே மரத்தடியில் கும்பிட்டவர்கள் ஐயா.

பழைய வாத்தியார்

தம்பி, நீங்கள் எடுத்துக் காட்டியது எல்லாம் என் கட்சிக்குத்தான் பலம். ஆல் என்றால் ஆல் என்று சொன்னார்கள், கடம்பு என்றால் கடம்பு. உலர்ந்த தண்டை 'உலர்ந்தது' என்று ஒப்புக்கொண்டுதான் மதுரையில் கும்பிடுகிறார்கள். யாரும் பக்கத்தில் நின்ற வேறொரு மரத்தைக் காட்டி 'இதுதான் அது' என்று சொல்லவில்லை.

அதே பாறையில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று நிற்கிறதல்லவா? பிரான்சினா வான் ரீட் என்ற பெண், காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் அங்கிருந்து குதித்துச் செத்தாள் என்று சின்ன வயதில் எனக்கும் சொன்னார்கள், நானும் வகுப்பில் உருகி உருகிச் சொன்னேன். பிறகு பார்த்தால், அவள் பின்னாளில் கலியாணம் முடித்து வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது என்கிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தேனோ! சூடு கண்ட பூனை நான்.

அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அதற்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மரத்துக்கு 'தொட்டில் மரம்' என்ற பெயர் போதாதா? இருநூறு வீட்டுத் துன்பத்தைச் சுமக்கிற மரத்துக்கு எதற்கு இராவணனின் சிபாரிசு?

மூதூர்க் காற்று

இராவணனுக்கு இந்த ஊரில் வேலை கூடிப்போய்விட்டது. மலையை வெட்டினார், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு தோண்டினார், இப்போது மரமும் நட்டிருக்கிறார். ஓய்வூதியம் கொடுக்க வேண்டும்.

கோட்டடிப் பேரன்

சிரிப்பு இருக்கட்டும். 'தொட்டில் மரம்' என்றால் வெளியூரான் ஒரு படம் எடுத்துவிட்டுப் போவான். கல்லாலம் என்றால் நின்று கும்பிடுவான். பெரிய பெயர் இருக்கும் மரத்தில் கத்தி வைக்க யோசிப்பார்கள். கதைதான் மரத்துக்கு வேலி. இதை மறந்துவிட்டுச் சரி பிழை பார்க்கிறீர்கள்.

கண்டல் காட்டான்

அந்த வேலியால்தான் நைலோன் கயிறும் வருகிறது, அண்ணா. பெயர் பெருக்கப் பெருக்கத் தொட்டிலும் பெருகும். ஒரு கிளையில் எத்தனை பேருடைய வேண்டுதல் தொங்கலாம் என்று மரத்திடம் யாரும் கேட்பதில்லை. கல்லாலக் கன்று ஒன்றை வளாகத்துக்குள் தனியே வளர்த்துப் பெயர்ப்பலகை வைக்கட்டும். விளிம்பு மரத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி ஒன்றை நாட்டி, புதிய தொட்டில்களை அதில் கட்டச் சொல்லலாம்.

உப்புவெளி அக்கா

கம்பியில் கட்டினால் என் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள், தம்பி. அசைகிற கொப்பில் கட்டினால்தான் தொட்டில் ஆடும், கம்பியில் அது சும்மா தொங்கும். நூல் விஷயம் சரி, அதைக் கடைக்காரரிடம் சொல்லலாம். விற்கிறபோதே பருத்தி நூலோடு கொடுத்தால் முடிந்தது.

பழைய வாத்தியார்

கடைகளுக்கு நானும் வருகிறேன். அந்த வழிகாட்டிப் பெடியனையும் தேடிப் பிடித்துப் பேச வேண்டும், அது என் வேலை. அக்கா, உங்கள் அம்மா கட்டிய தொட்டில் இன்னும் இருக்கிறதா?

உப்புவெளி அக்கா

இல்லை ஐயா. பிள்ளைக்கு ஆறு மாதத்தில் நேர்த்தி முடிக்கப் போனபோது, அம்மா தொட்டிலை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்து வந்துவிட்டாள். அடுத்த வருடம் போனால் அந்தக் கொப்பையே காணவில்லை, காற்றில் முறிந்து கீழே விழுந்திருக்க வேண்டும். கல் எங்கள் சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசு தட்டும்போதெல்லாம் மகள் இது எந்தச் சாமி என்று கேட்பாள்.